ஓர்த்திகாவின் பதக்கமும் எனது ஐந்து நாள் தண்டனையும்

அனுப்புநர்:
சில்வேரியோ புந்தெல் (வயது 77),
முன்னாள் கோவேறு கழுதைப் பாகன், மலைப் பீரங்கிப் படை,
பியான் தி சோரா கிராமம்,
கார்னியா மலைப்பகுதி, இத்தாலி.

பெறுநர்:
பதிவேட்டு அதிகாரி அவர்கள்,
ராணுவப் பணிப் பதிவேடுகள் அலுவலகம்,
மாவட்டத் தலைநகர்.

பொருள்: 1963 பிப்ரவரி 11ஆம் நாள் நிகழ்ச்சிக்காக எனக்குச் சேரவேண்டிய பாராட்டும் வெண்கலப் பதக்கமும் எனது பணிப் பதிவேட்டில் விடுபட்டு, என் பொறுப்பில் இருந்த கோவேறு கழுதையின் பதிவேட்டில் ஏறிவிட்டமை – திருத்தம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது ஏப்ரல் மாத மனு. 2. அதற்கு நான் அனுப்பிய மே மாத நினைவூட்டல். 3. அந்த நினைவூட்டலை நினைவூட்டி அனுப்பிய ஜூன் மாதக் கடிதம்.

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு வணக்கம்.

1. நான் 1962 ஜனவரி முதல் 1963 ஜூலை வரை பதினெட்டு மாதம் கட்டாய ராணுவப் பணி செய்தவன். அந்தப் பதினெட்டு மாதமும் என் பொறுப்பில் இருந்தது ஓர்த்திகா என்ற பெண் கோவேறு கழுதை, எண் 1187. ஓர்த்திகா என்றால் எங்கள் மொழியில் காஞ்சொறிச் செடி. அவளுக்குப் பெயர் வைத்த சார்ஜெண்டை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் அவளிடம் கடி வாங்கியவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2. அக்காலத்தில் படையில் ஒவ்வொரு கோவேறு கழுதைக்கும் குளம்பில் சூடுபோட்ட எண்ணும், தனியாக ஒரு பணிப் பதிவேடும் உண்டு என்பது தாங்கள் அறிந்ததே. பிறந்த ஊர், எடை, தடுப்பூசி, நடத்தை, விருதுகள் என்று எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் இருக்கும். எனது பதிவேடு மொத்தம் இரண்டு பக்கம். ஓர்த்திகாவினுடையது பதினான்கு பக்கம். அதைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை.

3. நிகழ்ச்சி வருமாறு. அந்த பிப்ரவரியில் எட்டு நாள் விடாமல் பனி கொட்டி, மேலே இருக்கும் கொல்மெதா என்ற சிற்றூருக்குப் போகும் பாதை அடைபட்டுப்போனது. அங்கிருந்த பதினோரு குடும்பங்களுக்குச் சோள மாவும் மருந்தும் கொண்டுபோக, துணை லெப்டினண்ட் அமெதேயோ பால்பிஸ் தலைமையில் ஒன்பது பேரும் மூன்று கழுதைகளும் 11ஆம் தேதி காலை புறப்பட்டோம். துணை லெப்டினண்ட் தூரின் நகரத்துக்காரர். இருபத்து நான்கு வயது. படைவிதிப் புத்தகத்தை உள்பாக்கெட்டில், மற்றவர்கள் காதலியின் படம் வைக்கும் இடத்தில், வைத்திருப்பார். ஓர்த்திகாவும் நானும் முன்னால் போனோம்.

4. மூன்றாவது வளைவில் ஓர்த்திகா நின்றுவிட்டாள். இழுத்தேன், தள்ளினேன், திட்டினேன். சர்க்கரைக் கட்டி காட்டினேன். சர்க்கரையைத் தின்றுவிட்டு மறுபடி நின்றாள். துணை லெப்டினண்ட் விதிப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "முன்னே செல்" என்று அவளுக்கு நேரடியாகவே ஆணையிட்டார். அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆகவே ஆணை எனக்குப் பிறப்பிக்கப்பட்டது. அப்போது நான் கூறிய சொற்களை மறைக்காமல் இங்கே பதிவு செய்கிறேன்: "சார், இது வரலன்னா நானும் வரல. நீங்க வேணா முன்னாடி போங்க, நாங்க ரெண்டு பேரும் இங்கேயே இருக்கோம்." இவ்வாறு கூறி, அவள் முன்னங்கால்களுக்குப் பக்கத்தில் பனியில் உட்கார்ந்துகொண்டேன்.

5. துணை லெப்டினண்ட் குறிப்பேட்டையும் பென்சிலையும் எடுத்து, எனக்கு ஐந்து நாள் அடைப்புத் தண்டனை என்று எழுதத் தொடங்கினார். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே எங்களுக்கு முப்பது மீட்டர் முன்னால் மலைச்சரிவு மொத்தமும் பெயர்ந்து, பாதையையும் பாதையோரத்து லார்ச் மரங்களையும் வாரிக்கொண்டு பள்ளத்தில் போய் விழுந்தது. துணை லெப்டினண்ட் வாக்கியத்தை முடித்து, முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தார். முகம் சோள மாவு நிறத்தில் இருந்தது.

6. அவர் நேர்மையான மனிதர். அன்று மாலையே முகாமில் உட்கார்ந்து, "பாகனுக்கும் கழுதைக்கும்" என்று இருவர் பெயரிலும் பாராட்டுக்குப் பரிந்துரை எழுதினார். ஆனால் குறிப்பேட்டில் ஏறிய தண்டனையை அடிக்க விதியில் இடமில்லை என்பதால் அதையும் சேர்த்தே அனுப்பினார். இரண்டும் ஒரே உறையில் எங்கள் அணியின் எழுத்தர் நெல்லோ பெந்தினியிடம் வந்து சேர்ந்தன. தண்டனையில் இருப்பவனுக்கு அதே காலத்தில் பாராட்டு வழங்கக் கூடாது என்பது விதி. நெல்லோ தலையைச் சொறிந்தபடி என்னைக் கூப்பிட்டுச் சொன்னது: "டேய் சில்வேரியோ, ஒரே நாள்ல உனக்குத் தண்டனையும் எழுதி பதக்கமும் எழுதினா மேலிடத்துல என்னைத்தான் அடைப்பாங்க. கழுதைமேல தண்டனை எதுவும் இல்ல. இப்போதைக்கு மொத்தத்தையும் அது பேர்ல போட்டு வைக்கிறேன். ரெண்டு மாசம் போகட்டும், உன் பேருக்கு மாத்திடலாம்." ஆறே வாரத்தில் நெல்லோ பணி முடிந்து ஊருக்குப் போய்விட்டான். மாற்றுவதற்கு ஆளில்லை.

7. இதன் விளைவாக, ஒரே நிகழ்ச்சி பற்றி அரசின் இரண்டு பதிவேடுகளில் கீழ்க்கண்டவாறு இருக்கிறது.

ஓர்த்திகா, எண் 1187, விருதுகள் பக்கம்: "முன்னேறுமாறு பிறப்பிக்கப்பட்ட ஆணைக்கு இணங்காமல் உறுதியுடன் நின்று ஒன்பது வீரர்களின் உயிரைக் காத்தமைக்காக வெண்கலப் பதக்கம், மேலும் முப்பது நாளுக்கு இரட்டைப் பங்கு ஓட்ஸ்."

புந்தெல் சில்வேரியோ, தண்டனைகள் பக்கம்: "முன்னேறுமாறு பிறப்பிக்கப்பட்ட ஆணைக்கு இணங்காமல் நின்றமைக்காக ஐந்து நாள் அடைப்பு."

"உறுதியுடன்" என்ற சொல் எனக்கு இல்லை என்பதையும், ஓட்ஸ் இல்லை என்பதையும் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

8. தண்டனையை முழுதாக அனுபவித்தேன். அடைப்பறைச் சன்னல் லாயத்தைப் பார்த்தபடி இருந்தது. மற்றவர்கள் கிட்டே போனால் ஓர்த்திகா உதைத்தாள் என்பதால், நாளுக்கு இரண்டு வேளை என்னைத் துப்பாக்கிக் காவலுடன் அழைத்துச்சென்று, அவளுடைய பரிசு ஓட்ஸை என் கையாலேயே வைக்கச் செய்தார்கள். அவள் நிதானமாக மென்றுகொண்டே என்னைப் பார்ப்பாள். நான் திரும்பிவந்து என் ரொட்டியைத் தின்பேன்.

9. நான்காம் நாள் ஜெனரல் நேரில் வந்து பதக்கத்தைக் குத்தினார். கழுதைக்கு மார்பில் குத்த வழியில்லாததால் கழுத்துக் கயிற்றில் குத்தப்பட்டது. கயிற்றைப் பிடித்திருந்தது நான். அவள் ஜெனரல் தொப்பியிலிருந்த வெள்ளை இறகைப் பிடுங்கித் தின்றபோது அவள் வாயிலிருந்து பாதியை மீட்டதும் நான்தான். தண்டனைக் கைதியாக இடுப்புவாரும் தொப்பியும் இல்லாமல் நின்றதால், என்னைப் படத்தில் சேர்க்க வேண்டாம் என்று புகைப்படக்காரரிடம் சொல்லிவிட்டார்கள். அந்தப் படம் இன்றும் எங்கள் ஊர் முன்னாள் வீரர் சங்கத்தில் மாட்டியிருக்கிறது. அதில் ஜெனரல் இருக்கிறார், ஓர்த்திகா இருக்கிறாள், ஓரத்தில் ஒரு கை இருக்கிறது.

10. ஐம்பத்தைந்து ஆண்டு சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் எழுதுகிறேன் என்று தாங்கள் கேட்கலாம். வரும் செப்டம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சங்கம் ஓர்த்திகாவுக்குக் கல்வெட்டு திறக்கிறது. சங்கத் தலைவர் தூலியோ ஜானியர், ஓய்வுபெற்ற நில அளவையாளர். முத்திரை இல்லாத காகிதத்தால் மூக்குக்கூடத் துடைக்கமாட்டார். அவர் தயாரித்துள்ள வாசகத்தின் கடைசி வரி: "பாகன்: பெயர் தெரியவில்லை." இந்த வரியை அவர் சங்கக் கூட்டத்தில் உரக்கப் படித்தபோது நான் அவருக்கு எதிர்மேசையில் உட்கார்ந்து மது அருந்திக்கொண்டிருந்தேன். எழுந்து ஆட்சேபித்தேன். அவர் கூறியது: "இங்க பாரு சில்வேரியோ, நீதான்னு எனக்குத் தெரியும். இந்த ரூம்ல எல்லாருக்கும் தெரியும். ஆனா கல்லுக்குத் தெரியாதே. காகிதம் இருந்தா நீ, இல்லன்னா நீ இல்ல." படத்தில் உள்ள கையைக் காட்டி, கட்டைவிரலில் ஓர்த்திகா கடித்த தழும்பையும் காட்டினேன். "கழுதை கடிக்காத கட்டைவிரல் நம்ம சங்கத்துல யாருக்கு இருக்கு?" என்றார். கூட்டத்தில் இருந்த அனைவரும் தங்கள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார்கள். கல்வெட்டுத் தச்சர் செப்டம்பர் 6 அன்று எழுத்து வெட்டத் தொடங்குகிறார்.

11. அன்றைய துணை லெப்டினண்ட், இன்றைய ஓய்வுபெற்ற கர்னல் பால்பிஸ் அவர்களுக்கும் எழுதிக் கேட்டேன். அவர் பதில் இணைக்கப்பட்டுள்ளது: "புந்தெலுக்கு அன்று விதித்த தண்டனை முற்றிலும் முறையானது. அதே நிலைமை மறுபடி வந்தால் மறுபடியும் விதிப்பேன். எனக்கு மூன்று பிள்ளைகள், ஏழு பேரக்குழந்தைகள். அவர்கள் அனைவரும் புந்தெலுக்கும் அந்தக் கழுதைக்கும் கடன்பட்டவர்கள் என்று அவர்களிடம் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டிலும் சொல்லிவருகிறேன்." படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. தூலியோ படித்துவிட்டு, "தனியார் கடுதாசி. முத்திரை எங்க?" என்றார்.

12. தூலியோவின் யோசனைப்படியே, முதலில் தடையாக நிற்கும் தண்டனையை நீக்கினால் பிறகு பதக்கம் தானாக வந்துசேரும் என்று நம்பி, பார்வை 1இல் கண்ட மனுவைத் தங்களுக்கு அனுப்பினேன். ஜூலையில் தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியும் செய்தேன். பேசிய அம்மையார் மிகவும் பொறுமையானவர். "ஐயா, பதக்கம் இப்ப ஒருத்தர் பேர்ல இருக்கு. மாத்தணும்னா அவங்க ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்" என்றார். அவர் 1981இல் இறந்துவிட்டார் என்றேன். "அப்ப வாரிசுங்க யாராவது?" என்று கேட்டார். கோவேறு கழுதைக்கு வாரிசு பிறப்பதில்லை என்பதை, ஓர் அம்மையாரிடம் எவ்வளவு நாகரிகமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு நாகரிகமாகச் சொன்னேன்.

13. ஆகவே, மேற்படி பதக்கத்தை எண் 1187இன் பதிவேட்டிலிருந்து நீக்கி எனது பதிவேட்டில் சேர்த்து, செப்டம்பர் 6க்குள் அதற்கான சான்று வழங்குமாறு மிகவும் பணிவுடன்

(இதுவரை செவ்வாய்க்கிழமை எழுதினேன். முத்திரை வில்லை ஏற்கனவே ஒட்டியாகிவிட்டது. அதை உரித்தால் கிழியும். ஆகவே இதே தாளில் தொடர்கிறேன். பொறுத்தருளவும்.)

14. இன்று புதன்கிழமை காலை தங்கள் கடிதம் கிடைத்தது. ஏப்ரல் மாத மனு ஏற்கப்பட்டது என்றும், ஐந்து நாள் தண்டனை ரத்து என்றும், அந்தப் பக்கம் செப்டம்பர் 7 அன்று பதிவேட்டிலிருந்து பிரித்து அழிக்கப்படும் என்றும் அதில் கண்டிருக்கிறது. மகிழ்ச்சியில் என் மனைவி இர்மாவைக் கூப்பிட்டு, கிராப்பா மதுக் குப்பியை எடுக்கச் சொன்னேன். அவள் குப்பியை எடுக்காமல் கடிதத்தை எடுத்து, இரண்டாவது பத்தியைப் படித்தாள். அது வருமாறு: "பதக்கத்தைப் பொறுத்தவரை, மேற்படி பக்கம் நீக்கப்பட்டபின், மேற்படி நாளில் தாங்கள் மேற்படி இடத்தில் இருந்ததற்கோ மேற்படி விலங்குடன் தங்களுக்குத் தொடர்பு இருந்ததற்கோ பதிவு ஏதும் இல்லையாகையால், கோரிக்கை பரிசீலிக்க இயலாதது."

15. இர்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்: "சில்வேரியோ, நீ அந்தக் கழுதைகூட இருந்தேங்கிறதுக்கு கவர்மெண்டு எழுதிக் குடுத்த ஒரே காகிதம் அந்த அஞ்சு நாளுதான். அதைப் பிடிச்சு எரிங்கன்னு நீயே மூணு கடுதாசி போட்டிருக்கே. கழுதைக்கு இருந்த புத்தியில பாதி உனக்கு இருந்திருந்தா நம்ம குடும்பம் எங்கேயோ போயிருக்கும்." நாற்பத்தொன்பது ஆண்டு மணவாழ்க்கையில் அவள் சொன்னது தவறாகப் போனதாக எனக்கு நினைவில்லை.

16. உடனே பெட்டியைக் குடைந்து, பணி முடிந்த நாளில் கொடுத்த தண்டனைப் பக்கத்தின் நகலைத் தேடி எடுத்தேன். மேலே ஏழாம் பத்தியில் அதன் முதல் வரியை மட்டுமே குறிப்பிட்டிருந்தேன். கோபத்தில் அதற்கு மேல் நான் என்றுமே படித்ததில்லை. துணை லெப்டினண்ட் பென்சிலால் எழுதியதை நெல்லோ அப்படியே தட்டச்சு செய்திருக்கிறான். முழுவதும் வருமாறு: "எண் 1187 ஓர்த்திகாவின் பாகன் புந்தெல் சில்வேரியோ, முன்னேறுமாறு பிறப்பிக்கப்பட்ட ஆணைக்கு இணங்காமல் நின்றமைக்காக ஐந்து நாள் அடைப்பு. கழுதை வராவிட்டால் தானும் வருவதில்லை என்று கூறி, அதன் அருகில் பனியில் உட்கார்ந்துகொண்டு, எழ மறுத்தான்."

17. இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அன்று மலைச்சரிவில் விரிசல் விழுந்ததை நான் முன்கூட்டியே பார்த்துவிட்டதாக ஐம்பத்தைந்து ஆண்டாகச் சங்கத்திலும் மதுக்கடையிலும் சொல்லிவந்திருக்கிறேன். முதலில் அந்த விரிசல் ஒரு சாண் அகலம் இருந்தது. இப்போது அதற்குள் ஒரு மாட்டை இறக்கலாம். அது பொய். நான் எந்த விரிசலையும் பார்க்கவில்லை. ஓர்த்திகாவின் காதுகளைத்தான் பார்த்தேன். சோம்பலுக்கு நின்றால் அவள் காது தொங்கும், கோபத்துக்கு நின்றால் பின்னால் மடியும். அன்று இரண்டும் நேராக முன்னால் நீட்டி நடுங்கின. அவள் பயப்பட்டு நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்கும் பயமாக இருந்தது. அதனால்தான் உட்கார்ந்தேன்.

18. ஆகவே பதக்கம் சரியான பதிவேட்டில்தான் இருக்கிறது. அதை மாற்ற வேண்டாம். நெல்லோ தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த வேலை, அவனுக்கே தெரியாமல் நியாயமாகப் போய்விட்டது. நான் செய்தது அவளை நம்பியது ஒன்றுதான். அதற்குரிய பதிவும் சரியான இடத்தில்தான் இருக்கிறது. என்னைப் பற்றி அரசாங்கம் எழுதிய இரண்டு பக்கத்தில் எனக்குப் பெருமை தரக்கூடிய வாக்கியம் அது ஒன்றே. பணி முடிந்து நான் வாயிலைத் தாண்டிய நாளில், அவள் லாயத்திலிருந்து கத்தியது சாலைத் திருப்பம் வரைக்கும் கேட்டது. நான் அழுதேன். பிறகு அவளைப் பார்க்கவே இல்லை. கல்லிலாவது அவள் பக்கத்தில் இருக்க ஆசைப்படுகிறேன்.

19. எனவே, பொருளில் கண்ட கோரிக்கையையும், பார்வை 1 முதல் 3 வரையிலான என் கடிதங்களையும் திரும்பப் பெற்றுக்கொண்டு, கீழ்க்கண்டவாறு வேண்டுகிறேன்.

(அ) எனது ஐந்து நாள் தண்டனையைத் தயவுசெய்து ரத்து செய்யாதீர்கள். அந்தப் பக்கத்தை அழிப்பதை உடனே நிறுத்திவைக்க வேண்டும்.

(ஆ) அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றை முத்திரையுடன் செப்டம்பர் 6க்குள் எனக்குத் தரவேண்டும். என்னிடம் உள்ள நகலைத் தூலியோவிடம் காட்டினேன். முத்திரை மங்கிவிட்டது என்கிறார். ஆகவே புதிய முத்திரை பெரியதாகவும், நன்றாக மை தொட்டும் இருந்தால் உதவியாக இருக்கும்.

(இ) ரத்து உத்தரவு ஏற்கனவே பிறப்பிக்கப்பட்டுவிட்டதால் தண்டனையைப் புதிதாகத்தான் விதிக்க முடியும் என்று விதி சொல்லுமானால், அந்த ஐந்து நாளை மறுபடியும் அனுபவிக்கச் சம்மதிக்கிறேன். கர்னல் பால்பிஸ் அவர்கள் கையெழுத்திடத் தயாராக இருப்பார். முழங்கால் வலி இருப்பதால் குளிர்காலத்துக்கு முன் முடித்துக்கொண்டால் நல்லது. இர்மாவுக்கும் ஆட்சேபணை இல்லை. பத்து நாளாக இருந்தாலும் பரவாயில்லை என்கிறாள்.

20. இணைப்புகள்: தங்கள் கடிதத்தின் நகல், கர்னலின் கடிதம், ஜெனரலும் ஓர்த்திகாவும் ஒரு கையும் உள்ள படம், ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, என் வலது கையைத் தாளில் வைத்து இர்மா பென்சிலால் வரைந்த உருவம்.

முன்னேறுமாறு தாங்கள் எந்த ஆணை பிறப்பித்தாலும் இம்முறை கீழ்ப்படியக் காத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை அழிக்கும் ஆணைக்கு மட்டும் இணங்க மாட்டேன். தேவைப்பட்டால் தங்கள் அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு, எழ மறுப்பேன்.

இடம்: பியான் தி சோரா
நாள்: 29.8.2018

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) சில்வேரியோ புந்தெல்
பாகன், எண் 1187 ஓர்த்திகா
ஐந்து நாள் அடைப்பு